பொன்னாடையும் படித்துறையும்

தொண்டு செய்பவரைப் பாராட்டலாமா?

இப்படி ஒரு கேள்வி எழும் என்று நான் எண்ணியதில்லை. நல்லது செய்தவரை நாலு பேர் நடுவே அழைத்து, பொன்னாடை போர்த்தி, இரண்டு நல்ல சொற்கள் சொல்வது நம் பண்பாடு. அதில் ஆராய என்ன இருக்கிறது? தில்லியில் நடந்த சிறிய பாராட்டு விழா ஒன்றுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தபோதுதான் இதில் ஆராய நிறையவே இருப்பது தெரிந்தது.

யமுனை நதியைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களையும் தொண்டர்களையும் கௌரவிப்பது என்று அன்பர்கள் சிலர் கூடி முடிவு செய்திருந்தார்கள். பதினொரு பெயர்கள் சேர்ந்தன. அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை; நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து தில்லியிலேயே தங்கிவிட்டவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குழுப் பிள்ளைகளை யமுனைக் கரைக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். விழாவும் ஒரு ஞாயிறன்று காலையில்தான். தொலைபேசியில் அழைத்தேன். அவர் மிகவும் பணிவாக மறுத்துவிட்டார்.

“பதினெட்டுப் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கியாகிவிட்டது ஐயா. வேனுக்கும் சொல்லியாகிவிட்டது. என் ஒருத்திக்காக அதை மாற்றுவது சரியாக இருக்காது. தவறாக நினைக்காதீர்கள்.”

இந்தச் செய்தியை விழாக் குழுவில் சொன்னபோது இரண்டு கருத்துகள் எழுந்தன. பெரியவர் ஒருவர், “பாராட்டை மறுப்பதும் ஒருவகை அகங்காரமே” என்றார். இன்னொருவர் அதற்கு நேர்மாறாக, “அவர் உண்மையான கர்மயோகி. அவருக்குப் பாராட்டே தேவையில்லை. பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்” என்றார். இரண்டுமே சாத்திரம் அறிந்தவர்களின் பேச்சு. ஆயினும் இரண்டுமே என் மனத்துக்கு ஒப்பவில்லை.

முதல் கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மறுப்பிலும் மமதை ஒளிந்திருக்கலாம். “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று பலர் கேட்கச் சொல்பவர், எதுவும் வேண்டாதவர் என்ற பட்டத்தை வேண்டுகிறாரோ என்னவோ! ஆனால் இந்த அம்மையார் எந்தத் தத்துவமும் பேசவில்லை. வேன் சொல்லியாகிவிட்டது என்றார், அவ்வளவுதான். வேலை இருப்பவர் வேலையைச் சொல்லி விலகுவதை அகங்காரம் என்று எடைபோட நமக்கு என்ன உரிமை?

இரண்டாவது கருத்து இன்னும் நுட்பமானது. அதனாலேயே அதில் அபாயம் அதிகம். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கீதை போதிக்கிறது. அந்தப் போதனை யாரை நோக்கியது? செயல் புரிகின்ற அர்ஜுனனை நோக்கியது. அந்தச் செயலால் நன்மை பெறுகிறவனைப் பார்த்து, “நீ நன்றி சொல்லத் தேவையில்லை” என்று கண்ணன் எங்கும் கூறவில்லை. வள்ளுவரும் இரண்டையும் தனித்தனியாகவே வைத்தார். பிறருக்கு உதவுகிறவன் மழையைப்போல் எதையும் எதிர்பாராதிருக்கட்டும் என்பது ஒப்புரவறிதலில் வரும் கருத்து. உதவி பெற்றவன் அதை மறவாதிருக்கட்டும் என்பதற்குச் செய்ந்நன்றியறிதல் என்று வேறோர் அதிகாரமே வகுத்தார். கொடுப்பவனுக்குச் சொன்ன அறத்தைப் பெறுகிறவன் தனக்குச் சலுகையாக எடுத்துக்கொண்டால் அது கணக்குப் புரட்டு. “அவர் எதையும் எதிர்பார்க்கமாட்டார்” என்று சொல்லிச் சொல்லியே எத்தனை ஊர்களில் எத்தனை தொண்டர்களை நாம் தனியே உழைக்க விட்டிருக்கிறோம்!

ஆகவே அவர் பெயரை எடுக்கவில்லை. விழா நடந்தது. அவருக்குரிய பொன்னாடையைக் காகித உறையோடு எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு காலையில் யமுனா பஜார் படித்துறைக்கு நானே சென்றேன்.

குளிர்காலத் தொடக்கம். வடதேசங்களிலிருந்து வரும் கடற்காகங்கள் நீரின்மேல் வெள்ளை வெள்ளையாக வட்டமிட்டுக்கொண்டிருந்தன. படகில் வருவோர் அவற்றுக்கு நம்கீன் வீசுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்கொள்ளாக் காட்சி. படியிறங்கி நீரருகே சென்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உத்தராகண்டின் யமுனோத்ரியில் தோன்றிப் பிரயாகையில் கங்கையோடு கலக்கும் யமுனையின் நீளம் 1376 கிலோமீட்டர். தில்லியில் வஜீராபாத் தடுப்பணையிலிருந்து ஓக்லா தடுப்பணை வரையிலான தூரம் 22 கிலோமீட்டர். மொத்த நீளத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் நதி சுமக்கும் மாசில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்தச் சிறிய தூரத்தில்தான் சேர்கிறது. வஜீராபாத்துக்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் சாக்கடை வந்து கலக்கிறது. சாக்கடை என்று இன்று நாம் அழைக்கும் அது, ஆரவல்லி மலையில் பிறந்து வரும் சாஹிபி என்ற நதியின் வழித்தடம். ஒரு நதியின் பெயர் மக்கள் நாவிலிருந்தே மறைந்து, அதன் இடத்தில் ‘நாலா’ என்ற சொல் வந்து அமர்ந்துவிட்டது. ஆசிரியை பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது அந்தப் பழைய பெயரைத்தான்.

அன்று அவர் செய்துகாட்டிய சோதனையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி மூடியிட்ட இரண்டு சிறு குப்பிகள். ஒன்றில் நகருக்கு மேலே, நதி தில்லிக்குள் நுழையும் பல்லா என்ற இடத்தில் எடுத்த நீர். மற்றதில் இந்தப் படித்துறை நீர். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். பல்லாவில் அன்று காலையிலேயே ஒரு தொண்டர் நீரை எடுத்து, முதல் திரவங்களை அங்கேயே சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். அந்தக் குப்பியின் அடியில் பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல ஒரு படிவு தங்கியிருந்தது. பிறகு ஆசிரியை, பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் செய்து, கையுறை அணிந்து, படித்துறை நீரில் முதலில் மாங்கனீசு உப்புக் கரைசலையும், அடுத்து அயோடைடு கலந்த காரக் கரைசலையும் விட்டார். மூடிக் குலுக்கினார். நீரில் உயிர்வாயு இருந்தால் படிவு பழுப்பாகும்; இல்லாவிட்டால் வெண்மையாகவே இருக்கும்.

வெண்மையாகவே இருந்தது.

“வெள்ளையாத்தானே இருக்கு, சுத்தம்தானே டீச்சர்?” என்றாள் ஒரு சிறுமி. வெண்மை தூய்மையின் அடையாளம் என்றே நாம் குழந்தைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். “இல்லை கண்ணா. இதில் மீன் மூச்சுவிட ஒன்றுமில்லை என்று அர்த்தம்” என்றார் ஆசிரியை. குளிக்கத் தகுந்த நதிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது உயிர்வாயு கரைந்திருக்க வேண்டும் என்பது அரசு வகுத்த அளவு. தில்லியின் பல இடங்களில் அளவுகோல் பூஜ்யத்தைத் தொடுகிறது.

அப்போது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வி, அங்கிருந்த பெரியவர்கள் எல்லாரையும் தலைகுனிய வைத்தது. மார்கழியில் திருப்பாவை சொல்லிப் பழகியவன் அவன். ஆண்டாள் யமுனையைத் தூய நீர் நிறைந்த பெருநதியாகப் போற்றியிருப்பது அவனுக்குத் தெரியும். “பாட்டி இதை யமுனா மாதா என்கிறாள். மாதா என்றால் ஏன் இப்படி வைத்திருக்கிறோம்?”

நானாக இருந்தால் காலத்தின் கோலம் என்றோ, கலியின் கொடுமை என்றோ ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஆசிரியை பதில் சொல்லவில்லை. “உன் வீட்டில் நீ குளித்த தண்ணீர் எங்கே போகிறது? வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்” என்றார். குழாயிலிருந்து தெருச் சாக்கடைக்கு, அங்கிருந்து பெரிய வாய்க்காலுக்கு, அங்கிருந்து எங்கே என்று பிள்ளைகள் விசாரித்துக்கொண்டே போக வேண்டும். காளிங்க நர்த்தனக் கதையையும் அவர் சொல்வதுண்டாம். மடுவை நஞ்சாக்கிய காளியன் வெளியிலிருந்து வந்து புகுந்தவன். நம் காளியன் எங்கிருந்து வருகிறான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விட்டுவிடுகிறார். குற்றவாளியைத் தேடிப் புறப்பட்ட பிள்ளை கடைசியில் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அன்று மாலை தந்தையிடமும் தாயிடமும் அது என்ன கேட்கும், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

இங்கே வேறொரு தருமசங்கடம் தலைகாட்டுகிறது. பெரியவர்கள் செய்த பாவத்தின் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றலாமா? விளையாட வேண்டிய வயதில் மரித்த நதியைக் காட்டி அதன் மனத்தை வருத்துவது முறையா? சில பெற்றோர் இதைக் கேட்டதுண்டு என்று ஆசிரியையே சொன்னார். இது புறந்தள்ளக் கூடிய கேள்வி அன்று. குழந்தைக்குக் குற்ற உணர்வை மட்டும் தருகிற கல்வி அதன் உள்ளத்தைச் சுருங்கச் செய்யும். எதையும் மாற்ற முடியாது என்ற சலிப்பை இளமையிலேயே விதைத்துவிடும்.

இதற்கு விடை, என் சிற்றறிவுக்கு எட்டியவரை, எதை முதலில் காட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. ஜபல்பூரில் ஓவிய ஆசிரியராக இருந்த அம்ரித்லால் வேகட் (1928–2018) இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றவர். 1977இல், ஐம்பது வயதை நெருங்குகையில், நர்மதையின் கரையோரமாக நடக்கத் தொடங்கினார். ஒரே மூச்சில் நடக்கவில்லை. பகுதி பகுதியாகப் பல ஆண்டுகள் நடந்தார். அமரகண்டகத்தில் பிறந்து 1312 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் அந்த நதியையும், அதன் கரைவாழ் மக்களையும் கோட்டோவியங்களிலும் ஹிந்தி, குஜராத்தி நூல்களிலும் பதிவு செய்தார். குஜராத்தி நூலுக்கு 2004ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பெரிய அணைகள் எழுந்து நதியின் உருவம் மாறிவந்த காலம் அது. அவரோ நதியின் அழகில் தோய்ந்தே எழுதினார். அழகை அறிந்த மனத்துக்குத்தான் இழப்பும் விளங்கும் என்பது அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

நம் ஆசிரியையும் அப்படித்தான் செய்கிறார். புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் ஞாயிறன்று இந்தப் படித்துறைக்கு அழைத்து வருவதில்லை. வஜீராபாத்துக்கு அருகே 457 ஏக்கரில் உருவாக்கப்பட்ட யமுனா பல்லுயிர்ப் பூங்காவுக்குப் போகிறார்கள். அங்கே சதுப்பு நிலமும், நாணலும், குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகளும் உண்டு. இரண்டாம் வாரம் பல்லாவின் மணல்திட்டு. மூன்றாம் வாரந்தான் வெள்ளைப் படிவு. நேசித்த பிறகே நோயைக் காட்ட வேண்டும் என்று அவர் கருதுகிறார். இந்த முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தாய் என்று சொல்லிக்கொண்டே உண்மையை மறைப்பதைவிட இது மேலான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே கூறியது. பாடநூல்கள் வந்தன, தேர்வு வினாக்களும் வந்தன. நதியின் உபயோகங்கள் ஐந்தினை எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தன் ஊர் நதியின் கரையை ஒருமுறைகூட மிதிக்காமலே பள்ளியை முடித்துவிட முடிகிறது. கரைக்கு அழைத்துச் செல்வது என்றால் சும்மாவா? தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோர் கையொப்பம், வண்டி வாடகை, முதலுதவிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிள்ளை கால் வழுக்கினால் என்ன ஆகும் என்ற தீராத அச்சம். அந்த அச்சத்தை வாரந்தோறும் தாமாக முன்வந்து ஏற்றுக்கொள்கிறார்களே, அதற்காகத்தான் இவர்களை வணங்கத் தோன்றுகிறது. சொற்பொழிவு செய்ய எவராலும் முடியும்.

பொன்னாடை உறையை நான் இன்னும் கையிலேயே வைத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் தயக்கத்தோடு நீட்டினேன். ஆசிரியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எந்த மறுப்பும் இல்லை. பெரியவர் சொன்ன அகங்காரத்தை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்:

“பட்டியலில் படகோட்டியின் பெயர் இருந்ததா?”

இல்லை. எனக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. ஆசிரியர்கள், தொண்டர்கள் என்று எழுதும்போது என் மனத்தில் எழுந்த உருவங்கள் படித்தவர்களின் உருவங்கள் மட்டுமே.

நதியின் நடுவிலிருந்து நீர் எடுத்து வந்து தந்தவர் அந்தப் படகோட்டிதான். பிள்ளைகளைப் படகில் ஏற்றும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்து இறக்கி ஏற்றியவரும் அவரே. ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் நீர் திறந்தால் தில்லிக்கு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்ற கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். 2023 ஜூலை 13 அன்று பழைய இரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது, 1978இன் 207.49 மீட்டரையும் மிஞ்சிய வெள்ளம். அந்த வெள்ளத்தில் வீட்டை விட்டுச் சாலையோரத்தில் தங்கியவர்களில் அவரும் ஒருவர். தண்ணீர் ஏறிய உயரத்தைப் படித்துறைச் சுவரில் தன் கையால் தொட்டுக் காட்டுகிறார். எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் அது. நதி கோபித்தது என்று அவர் சொல்லவில்லை. “அதன் இடத்துக்கு அது வந்தது” என்றார் ஹிந்தியில்.

பஞ்சாபில் சுல்தான்பூர் லோதி வழியாக ஓடும் காளி பேய்ன் நதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. குருநானக் நீராடி ஞானம் பெற்றதாகச் சீக்கியர்கள் போற்றும் 160 கிலோமீட்டர் நீளச் சிறுநதி. சாக்கடையும் ஆகாயத் தாமரையும் அடைத்துக் கிடந்த அதனை 2000ஆம் ஆண்டில் சந்த் பல்பீர் சிங் சீசேவால் தூய்மைப்படுத்தத் தொடங்கினார். 2006இல் குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் நேரில் சென்று பார்த்தார். 2017இல் சீசேவாலுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தகுதியான பாராட்டு, அதனால் மற்ற ஊர்களும் அந்த நதியைப் பற்றி அறிந்தன. ஆனால் அந்தப் பணி கார்சேவையாக நடந்தது. இடுப்பளவு சேற்றில் நின்று, களையைக் கையால் பிடுங்கிக் கரையேற்றிய கிராமத்தார் எத்தனையோ பேர். விருது ஒருவர் பெயரில்தான் எழுதப்பட முடியும். மீதிப் பேரின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? பாராட்டுவதில் உள்ள உண்மையான குறை இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பெறுபவரின் அகந்தையை வளர்த்துவிடுமோ என்ற கவலை அதற்கு அடுத்தபடிதான். தருபவரின் பார்வை எவ்வளவு தூரம் செல்கிறதோ அவ்வளவு தூரமே பாராட்டும் செல்கிறது. எங்கள் மேடையின் பார்வை படித்துறையின் மேல்படியோடு நின்றுவிட்டது.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். எங்கள் விழாவில் பதினொருவருக்காகவும் வாங்கிய மாலைகள் மண்டபத்தில் மீந்து கிடந்தன. சுவாமிக்கும் சாத்திய பூக்கள் ஆயிற்றே, குப்பையில் போடலாகாது என்று அன்பர் ஒருவர் அவற்றையெல்லாம் பாலிதீன் பையில் கட்டி எடுத்துச் சென்றார். தில்லிப் பாலங்களில் இருபுறமும் உயரமான கம்பிவலை கட்டியிருக்கிறார்கள். பூஜைப் பொருள்களை நதியில் எறிவோரைத் தடுப்பதற்காக. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு 5,000 ரூபாய் அபராதமும் விதித்தது. வலையில் எங்கேயாவது ஒரு கிழிசல் இருக்கத்தான் செய்கிறது. அவர் தீய எண்ணத்தோடு செய்யவில்லை; பக்தியோடுதான் செய்தார். நதி ஆசிரியர்களுக்குச் சூட்டிய மாலை அன்று மாலையே நதிக்குள் போய்ச் சேர்ந்தது. இதை நான் ஆசிரியையிடம் சொல்லவில்லை. சொல்லும் துணிவு வரவில்லை.

புறப்படும் முன் படகோட்டியிடம் சென்று, அடுத்த ஆண்டு விழாவுக்கு அவரை அழைக்க விரும்புவதாகவும், பெயரை எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதிக்கொள்ளுங்கள் பாபுஜி. எந்த மாதத்தில் வைப்பீர்கள்?”

“இன்னும் முடிவு செய்யவில்லை.”

“மழைக்காலத்தில் வேண்டாம். தண்ணீர் ஏறும். படகை விட்டுவிட்டு வர முடியாது” என்றார். பிறகு, மேல்படியில் காலணி மாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டி, “மேடம்ஜியின் ஞாயிற்றுக்கிழமையிலும் வேண்டாம்” என்றார்.

நாட்குறிப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டையும் குறித்துக்கொண்டேன்.